கிந்தா சுண்ணாம்புக்கல்: கடல்தரையில் பிறந்தது முதல் பளிங்கானது வரை

மலேசியாவின் பேராக் மாநிலத்துக் கிந்தா பள்ளத்தாக்கில், சுங்கை சிப்புட்டிலிருந்து செமோர் வழியாக ஈப்போவுக்குப் போகிறவர்களுக்கு அந்தச் சுண்ணாம்புக்கல் மலைகள் பழகிப்போனவை. செம்பனைத் தோட்டம் முடிகிற இடத்தில் சமதரையிலிருந்து செங்குத்தாக எழுந்து நிற்கும். உச்சியில் காடு, பக்கத்தில் வெளுத்த பாறை, அடியில் குகை, குகைக்குள் பல இடங்களில் ஒரு கோயில்.

இவை கடலுக்கடியில் உண்டானவை என்பது பள்ளிப் பாடத்திலேயே வந்துவிடும். அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்டால்தான் சிக்கல் தொடங்குகிறது. எப்படிப்பட்ட கடல், கரையோரமா ஆழமா? சிப்பிகளால் ஆன பாறை என்கிறார்களே, சிப்பி ஏன் கண்ணில் படுவதில்லை? ஒரு மலையில் கல் கறுப்பாகவும் அடுத்த மலையில் பால்வெள்ளையாகவும் இருப்பது ஏன்?

இவற்றுக்கு விடை தேடுவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சுண்ணாம்புக்கல்லில் இன்று நாம் காண்பதில் கடல் எழுதியது கொஞ்சம்தான். மழைநீரும், புதைந்த ஆழமும், மக்னீசியமும், கிரானைட்டின் வெப்பமும் அதன் மேல் திரும்பத் திரும்ப எழுதியிருக்கின்றன. எது முதல் எழுத்து, எது பின்னால் வந்தது என்று வரிசைப்படுத்துவதுதான் இந்தப் பாறையைப் படிக்கும் முறை.

கல் பிறக்கும் இடம்

மணற்கல்லுக்கு வேண்டிய மணல் வேறெங்கோ உடைந்து ஆற்றோடு வருகிறது. சுண்ணாம்புக்கல்லின் பொருள் பெரும்பாலும் படிகிற இடத்திலேயே, அல்லது அதற்கு மிக அருகில், உண்டாகிறது. கடல்நீரில் கரைந்திருக்கும் கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் எடுத்து உயிர்கள் ஓடு கட்டுகின்றன. பாசிகள் தங்கள் உடலுக்குள் ஊசிப்படிகம் வளர்க்கின்றன. சில இடங்களில் நீரிலிருந்தே நேரடியாகப் படிகிறது. அதனால் அந்த இடத்தின் வெளிச்சம், வெப்பம், தெளிவு ஆகிய மூன்றும் கல்லின் தலைவிதியைத் தீர்மானிக்கின்றன.

வெளிச்சம்தான் முதல் நிபந்தனை. வெப்பக்கடலில் கார்பனேட் உற்பத்தி மேல்மட்ட 10 முதல் 20 மீட்டருக்குள் உச்சத்தில் இருக்கும். கீழே போகப் போக விரைவாகக் குறைந்து, தெளிந்த நீரில்கூட 100 மீட்டர் அளவில் ஒளியை நம்பும் உயிர்கள் ஏறக்குறைய நின்றுவிடும். அடுத்தது சேறு. ஆறு கொண்டுவரும் களிமண் ஒளியை மறைக்கும். வடிகட்டித் தின்னும் உயிர்களின் வாயையும் அடைக்கும். பேராக் கரையோரமாக இன்று சுண்ணாம்புக்கல் உருவாகாததற்கு இதுவே காரணம்: கடல் சூடானதுதான், ஆழமும் குறைவுதான், ஆனால் ஆறுகளின் சேறு அதைக் கலங்கலாகவே வைத்திருக்கிறது. கலங்கல் குறைந்த பூலாவ் பாயாரிலும் கிழக்கே ரெடாங்கிலும் பவளம் வளர்கிறது.

இப்படிப் பிறக்கும் பொருள் மூன்று கனிம வடிவங்களில் வரும். அரகோனைட், மக்னீசியம் மிகுந்த கால்சைட், மக்னீசியம் குறைந்த கால்சைட். இரசாயன வாய்பாடு மூன்றுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் நிலைப்புத்தன்மை ஒன்றல்ல. முதல் இரண்டும் நிலையற்றவை. நன்னீர் பட்டாலோ காலம் போனாலோ கரைந்து, மூன்றாவதாக மாறிவிடும். பின்னால் வரும் மாற்றங்களில் பாதிக்கு விதை இங்கேயே விழுந்துவிடுகிறது. சிப்பிகளிலேயே பாருங்கள்: கிளிஞ்சல்களும் நத்தைகளும் பெரும்பாலும் அரகோனைட், பிராக்கியோபாட் (சிப்பிபோல் இரண்டு ஓடுள்ள வேறொரு கடலுயிர்) ஓடுகள் நிலையான கால்சைட். பழைய பாறையில் பிராக்கியோபாட் ஓட்டின் நுண்வரி வரை தெரிய, பக்கத்திலிருக்கும் நத்தை வெறும் வெள்ளைப் படிக அச்சாக நிற்பது அதனால்தான்.

கடல்நீரின் இயல்பும் யுகத்துக்கு யுகம் மாறியிருக்கிறது. (பழையதிலிருந்து புதியதை நோக்கி யுகங்களின் வரிசை: ஆர்டோவிசியன், சிலுரியன், டெவோனியன், கார்போனிஃபெரஸ், பெர்மியன், ட்ரையாசிக், ஜுராசிக்.) ஆர்டோவிசியன் முதல் கார்போனிஃபெரஸின் முற்பகுதி வரை நீரிலிருந்து நேரடியாகக் கால்சைட் படியும் கடல். அதன்பின் ஜுராசிக் வரை அரகோனைட் படியும் கடல். கிந்தா சுண்ணாம்புக்கல் பெரும்பாலும் டெவோனியன் முதல் பெர்மியன் வரை, அதாவது ஏறக்குறைய 40 கோடி ஆண்டுகளுக்கும் 26 கோடி ஆண்டுகளுக்கும் இடையே, படிந்தது. ஒரே பள்ளத்தாக்கின் கல்லில் இரண்டு வகைக் கடலும் இருக்கின்றன.

கரையிலிருந்து ஆழம் நோக்கி

கண்டத்திட்டு என்பது கண்டத்தின் விளிம்பில் கடல் மூடிக்கிடக்கும் ஆழம் குறைந்த தட்டு. கார்பனேட் படியும் திட்டு இரண்டு முக்கிய உருவங்களில் வரும். ஒன்று ஒரு பாகைக்கும் குறைந்த சரிவில் மெல்ல இறங்கிக்கொண்டே போவது. மற்றொன்று விளிம்பில் பவளமோ மணல்மேடோ வரம்பு கட்டி, உள்ளே அமைதியான காயலையும் வெளியே செங்குத்தான சரிவையும் வைத்திருப்பது. இரண்டாவதைக் குறுக்கே கடந்து பார்த்தால் பாறை வகைகள் எளிதாகப் பிடிபடும்.

முதலில் ஓதத்திடல்: கடல் ஏறும்போது மூழ்கி வற்றும்போது வெளியே தெரிகிற சேற்றுத் தரை. நுண்ணுயிர்ப் பாய்கள் சேற்றைப் பிடித்துப் பிடித்து மில்லிமீட்டர் கனத்தில் வரி வரியாக அடுக்கும். இவை மேடாக வளர்ந்தால் ஸ்ட்ரோமட்டோலைட். வெயிலில் சேறு வெடிக்கும். வாயுக்குமிழ் நின்ற இடத்தில் சிறு துளைகள் ஏற்பட்டுப் பின்னர் வெள்ளைக் கால்சைட்டால் நிரம்பும். சாம்பல் பாறையில் வரிசையாக வெள்ளைப் புள்ளிகள் கண்ட இடத்தில் கரை பக்கத்திலேயே இருந்தது என்று நம்பலாம்.

அடுத்து காயல். அலை குறைவு, சேறு அதிகம். புழுக்களின் கழிவுருண்டைகள், நத்தைகள், சுண்ணாம்புப் பாசிகள். உயிர்கள் தரையைத் துளைத்துக் கலக்கிவிடுவதால் வரிகள் நிற்காது. பாறை தடித்த, ஒரே மாதிரியான அடுக்காக இருக்கும்.

காயலுக்கு வெளியே அலை மோதும் மணல்மேடு. சேற்றை அலை அடித்துக்கொண்டு போய்விடும். மணிகள், அதாவது ஓட்டுத்துண்டு போன்ற துகள்கள், மட்டும் மிஞ்சும். சில மீட்டர் ஆழத்தில் மணிகள் உருண்டுகொண்டே இருந்தால் அவற்றின் மேல் மெல்லிய கார்பனேட் உறைகள் சுற்றிச் சுற்றிப் படியும். இரண்டு மில்லிமீட்டருக்கு மேற்படாத இந்த உருண்டைகளுக்கு ஊயிட் என்று பெயர். அலை எந்தப் பக்கம் தள்ளியது என்பதைச் சாய்ந்த உள்வரிகள் காட்டும்.

விளிம்பில் உயிர்களே கட்டியெழுப்பிய பாறை, அதாவது ரீஃப். இங்கே புதியவர்கள் வழக்கமாகத் தவறிவிடுவார்கள். இன்றைய பவளத்தைத் தேடுவார்கள். இன்றைய கல்பவள வகை ட்ரையாசிக் காலத்தில்தான் தோன்றியது. டெவோனியன் ரீஃப்களைக் கட்டியவை பெரும்பாலும் ஸ்ட்ரோமட்டோபொராய்ட் என்ற கடற்பஞ்சுகளும், பின்னர் அழிந்துபோன பழைய பவள வகைகளும். டெவோனியன் பிற்பகுதியில் நடந்த பேரழிவில் அந்தக் கட்டுநர்கள் வீழ்ந்தார்கள். கார்போனிஃபெரஸ், பெர்மியன் கால ரீஃப்களில் பாசியும் பஞ்சும் நுண்ணுயிரும்தான் முக்கிய வேலையாட்கள். பிரம்மாண்டமான பவளச்சுவர் தென்படவில்லை என்பதற்காக அங்கே ரீஃப் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது.

விளிம்புக்கு வெளியே சரிவு. மேலிருந்து உடைந்த பாளங்கள் உருண்டு கிடக்கும். சேறு சரிந்து மடிந்து உறையும். கலங்கிய நீர்க்குழம்பு இறங்கி, கீழே பருமணியும் மேலே நுண்மணியுமாகத் தரம்பிரித்துப் படியும். அதற்கும் அப்பால் ஆழத்தில் மெல்லிய, கறுத்த, ஒரே சீரான அடுக்குகள். நடுநடுவே களிப்பாறை, சில இடங்களில் கடற்பஞ்சின் சிலிக்காவிலிருந்து வந்த, செர்ட் எனும் கடினக் கல்லின் கட்டிகள்.

1962இல் ராபர்ட் டன்ஹாம் வகுத்த பாகுபாடு இந்த வரிசையை ஒரே கேள்வியில் அடக்குகிறது: மணிகளுக்கிடையே சேறு எவ்வளவு? மணி பத்து சதவீதத்துக்கும் குறைந்து சேறாகவே இருந்தால் மட்ஸ்டோன். பத்துக்கு மேல் இருந்தும் மணிகள் ஒன்றையொன்று தாங்காமல் சேற்றில் மிதந்தால் வேக்ஸ்டோன். மணிகள் ஒன்றன்மேல் ஒன்று நின்று இடையில் சேறு இருந்தால் பேக்ஸ்டோன். சேறே இல்லையென்றால் கிரெய்ன்ஸ்டோன். உயிர்கள் வாழும்போதே பிணைந்து கட்டியது பவுண்ட்ஸ்டோன். எதுவுமே அடையாளம் தெரியாமல் படிகமாகிவிட்டால் படிகக் கார்பனேட் என்று எழுதி நிறுத்திக்கொள்ள வேண்டும், ஊகம் வேண்டாம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. சேறு இருந்தால் நீர் அமைதியாக இருந்தது என்றுதான் பொருள். ஆழமாக இருந்தது என்று பொருளில்லை. காயலும் அமைதி, ஆழ்கடலும் அமைதி. இரண்டையும் பிரிப்பது துணைச்சாட்சிகள்: ஒளி வேண்டும் பாசி, வெயில் வெடிப்பு, வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் ஆழம் குறைவு. மெல்லிய சீரான அடுக்கு, சரிந்து மடிந்த மடிப்பு, தரம்பிரிந்த படிவு, கருங்களிப்பாறை இருந்தால் ஆழம் அல்லது சரிவு.

அடுக்குகள் ஏன் மாறி மாறி வருகின்றன

கடல்மட்டம் ஏறினால் கரை உள்ளே நகரும். காயல் இருந்த இடத்தில் மணல்மேடு வரும், மணல்மேடு இருந்த இடம் ஆழமாகும். அதனால், ஒரே காலத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த சூழல்கள் காலப்போக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும். இடையில் அரிப்போ இடைவெளியோ இல்லாதவரை, மலைச்சுவரில் செங்குத்தாகப் படிப்பது பழைய திட்டைக் கிடையாகக் கடப்பதற்குச் சமம். 1894இல் யொகானஸ் வால்தர் வகுத்த விதி இது.

நல்ல நிலையில் ரீஃப் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் உயரும். கடல் அதைவிட வேகமாக ஏறினாலோ, சேறோ குளிரோ உற்பத்தியைக் கெடுத்தாலோ திட்டு மூழ்கிப்போகும். லங்காவியில் இதற்குத் தெளிவான சாட்சி கிடைக்கிறது. ஆர்டோவிசியன் காலத்தில் தொடங்கும் செத்துல் சுண்ணாம்புக்கல் அடியில். அதற்கு மேல் வரும் சிங்கா படிவுகளில் மிதக்கும் பனிக்கட்டியிலிருந்து விழுந்த கற்கள் கிடக்கின்றன. அதற்கும் மேல் மறுபடி பெர்மியன் கால சூப்பிங் சுண்ணாம்புக்கல். அப்போது தீபகற்பத்தின் மேற்குப்பகுதி கோண்ட்வானா என்ற பழைய தென்பெருங்கண்டத்தின் ஓரமாக இருந்து, பிறகு பிரிந்து வெப்பத்தை நோக்கி நகர்ந்தது. குளிரும் சேறும் இருந்தவரை சுண்ணாம்பு நின்றது, வெப்பம் வந்ததும் மீண்டும் தொடங்கியது.

கிந்தாவில் எது எந்த இடம்

கம்பார் பக்கத்து ஈயச் (வெள்ளீயச்) சுரங்கங்கள் புவியியலுக்குச் செய்த உதவி பெரியது. மண்ணை அகற்றி அடிப்பாறையை வெளிக்காட்டியதால்தான் அங்கே அடுக்குகளை வரிசைப்படுத்த முடிந்தது. 1968இல் வெளிவந்த சுந்தரலிங்கத்தின் ஆய்வில் பல அடுக்குகள் சுரங்கங்களின் பெயராலேயே குறிக்கப்பட்டன. அவற்றில் எச். எஸ். லீ சுரங்கத்தின் பெர்மியன் அடுக்கு தனிச்சிறப்பு. ஒற்றைச் செல் உயிர்களின் இருமுனையும் கூர்ந்த ஓடுகளான ஃபியூசுலினிட்களும் நத்தைகளும் அங்கே கிடைத்தன. 1975இல் அங்கிருந்து ஒரு பெரிய இருவோட்டுச் சிப்பி விவரிக்கப்பட்டு, தன்சின்தோங்கியா பெராகென்சிஸ் என்று பெயரிடப்பட்டது. ஆழம் குறைந்த, வெப்பமான, வெளிச்சமுள்ள கடலுக்கு அந்தக் குடும்பத்துச் சிப்பிகள் சாட்சி.

சுங்கை சிப்புட் பக்கம் துளையிட்டு எடுத்த பாறைத் தண்டுகள் வேறு கதை சொல்கின்றன. கறுத்த நுண்மணிச் சுண்ணாம்புக்கல், இடையிடையே கருங்களிப்பாறை, சரிந்து மடிந்த அமைப்புகள். இது திட்டின் மேல்தளத்தைக் காட்டிலும் வெளிச்சரிவுக்குப் பொருந்துகிறது. எனவே ‘கிந்தா சுண்ணாம்புக்கல்’ என்ற ஒரே பெயரை வைத்துக்கொண்டு, பள்ளத்தாக்கு முழுவதும் ஒரே பவளக்கடல் என்று நினைப்பது சரியல்ல. இடமும் காலமும் மாறக் கடலும் மாறியிருக்கிறது.

மாற்றங்கள் வந்த வரிசை

புதிதாகப் படிந்த கார்பனேட் மணலில் பாதிக்கு நெருக்கமாகவும் சேற்றில் எழுபது சதவீதம் வரையும் வெறும் துளைதான். பழைய சுண்ணாம்புக்கல்லில் துளை பெரும்பாலும் ஐந்து சதவீதத்துக்கும் கீழே. அந்தத் துளைகள் எப்படி அடைபட்டன என்பதுதான் இந்தப் பாறையின் பிற்கால வரலாறு.

வேலை கடலடியிலேயே தொடங்கிவிடுகிறது. நுண்ணுயிர்கள் ஓடுகளின் மேற்பரப்பைத் துளைத்துத் துளைத்து, அந்தத் துளைகள் நிரம்பி, ஓட்டைச் சுற்றிக் கறுத்த மெல்லிய உறை உண்டாகும். அற்பமாகத் தெரியும் இந்த உறை பிற்பாடு பெரிய உதவி: உள்ளே அரகோனைட் ஓடு முழுவதும் கரைந்துபோனாலும் உறை அதன் உருவத்தைக் காத்து நிற்கும். திட்டின் விளிம்பில் அலை நீரை அழுத்தித் தள்ளுவதால் துளைகளில் நார்போன்ற படிகங்கள் வளர்ந்து மணிகளைப் பிணைக்கும். பாறை நூல்களில் இதற்குச் சிமெண்ட் என்றுதான் பெயர். கடையில் மூட்டையாக வாங்குவதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பிறகு மழைநீர். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் பனியுகத்தின் உச்சத்தில் கடல் இன்றைவிட ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது; மலாக்கா நீரிணை பெரும்பாலும் தரையாக இருந்தது. கார்போனிஃபெரஸ், பெர்மியன் காலத்திலும் கோண்ட்வானாவில் பனி பெருகியும் குறைந்தும் கடல்மட்டத்தை ஏற்றி இறக்கியது. திட்டு வெளியே வந்தபோதெல்லாம் மண்ணின் கரியமில வாயுவைச் சுமந்த மழைநீர் உள்ளே இறங்கும். அரகோனைட் கரையும், கால்சைட் படியும். அரகோனைட்டின் அடர்த்தி 2.93, கால்சைட்டுக்கு 2.71, ஆகவே அதே அளவு பொருள் கால்சைட்டாக மாறும்போது எட்டு சதவீதம் அதிக இடம் பிடிக்கும். துளை அடைபட இதுவும் ஒரு காரணம். ஆனால் இது மட்டும் போதாது. ஒரு துளையை நிரப்ப அந்தத் துளை கொள்ளும் நீரைப்போல் ஆயிரக்கணக்கான மடங்கு நீர் அதன் வழியே கடந்துபோயிருக்க வேண்டும், ஏனென்றால் நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு அவ்வளவு சொற்பம். நீர் ஓடும் வழி எங்கே திறந்திருந்ததோ அங்கே கல் இறுகியது, அல்லது கரைந்து குழியானது. நிலப்பரப்பாக நின்ற காலத்துக்கு அடையாளம்: சிவந்த மண் படலம், வேர்த்துளைகள், அரித்துக் குடைந்த மேற்பரப்பு.

புதைந்த பின் எடை வேலை செய்யும். சில நூறு மீட்டர் ஆழத்துக்குக் கீழே மணிகள் தொடும் இடங்களில் அழுத்தத்தால் கல் கரையத் தொடங்கும். கரையாத களியும் கரிமப்பொருளும் கறுத்த பல்வரிக் கோடாக மிஞ்சும், இதுதான் ஸ்டைலோலைட். ஈப்போ, கம்பார் பக்கம் பளிங்குத்தரை போட்ட கட்டடங்களில் கால் கீழே பார்த்தாலே கிடைக்கும். அதை விரிசல் என்று நினைத்துக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. அந்தப் பல்லின் உயரம் இரண்டு சென்டிமீட்டர் என்றால், குறைந்தது இரண்டு சென்டிமீட்டர் கல் அங்கே கரைந்து காணாமல் போயிருக்கிறது.

அடுத்து டோலமைட். கால்சைட்டின் கால்சியத்தில் பாதியை மக்னீசியம் இடம்பெயர்த்தால் டோலமைட். கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 1,290 மில்லிகிராம் மக்னீசியமும் 410 மில்லிகிராம் கால்சியமும் இருக்கின்றன. கணக்குப்படி டோலமைட் தாராளமாகப் படிய வேண்டும், ஆனால் படிவதில்லை. 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 32 ஆண்டுகள் காத்திருந்தும் ஒரு படிகமும் வரவில்லை என்று 1998இல் ஓர் ஆய்வு வெளியானது. நீர்மூலக்கூறுகள் மக்னீசியத்தை விடாமல் பற்றியிருப்பதும், கால்சியமும் மக்னீசியமும் மாற்றி மாற்றி ஒழுங்காக அடுக்கப்பட வேண்டியிருப்பதும் தடைகள். வெப்பம் ஏறினாலோ உப்பு செறிந்தாலோ தடை தளரும்.

ஆகவே டோலமைட்டைப் பார்த்தால் அது கிடக்கும் உருவத்தைக் கேட்க வேண்டும். அடுக்கோடு அடுக்காக, நுண்மணியாக, ஓதத்திடல் வரிகளோடு சேர்ந்து கிடந்தால் வெயிலில் செறிந்த உப்புநீர் செய்த வேலையாக இருக்கலாம். பிளவுகளையொட்டி அடுக்குகளைக் குறுக்கே வெட்டி, வளைந்த முகமுள்ள பெரும்படிகங்களாகக் கிடந்தால் ஆழத்திலிருந்து ஏறிய சுடுநீர் செய்தது. கல்குவாரிக்காரர்களுக்கு இந்த வேறுபாடு காசு. முதல் வகை அடுக்கைப் பின்தொடரும், எவ்வளவு இருக்கும் என்று கணிக்கலாம்; இரண்டாவது பத்து மீட்டர் தள்ளி வெட்டினால் இல்லாமலும் போகும்.

கடைசியில் கிரானைட். ட்ரையாசிக் காலத்தில், 20 கோடி ஆண்டுகளுக்கு முன்னும் அதற்குச் சற்று மூத்தும், கிழக்கே தித்திவாங்சாத் தொடரின் கிரானைட்டும் மேற்கே கிளேடாங் தொடரின் கிரானைட்டும் உருகிய பாறைக்குழம்பாக உள்ளேறின. இரண்டுக்கும் நடுவில் மாட்டிய சுண்ணாம்புக்கல் வெந்தது. கால்சைட் மணிகள் ஒன்றையொன்று விழுங்கி வளர்ந்தன. உடைத்த முகம் சர்க்கரைக் கட்டிபோல் மினுங்கும். சேறும் மணியும் ஓடும் துளையும் எல்லாம் ஒரே படிகக் கூட்டமாகிவிட்டன. கல் சுத்தமாக இருந்தால் வெள்ளை. உள்ளே இருந்த கரிமப்பொருள் கிராஃபைட்டாகி நின்றால் சாம்பல் வரி. சிலிக்கா கலந்திருந்தால் வொல்லாஸ்டனைட் என்ற கனிமம். மக்னீசியமும் சேர்ந்தால் ட்ரெமொலைட் என்ற நார்நாரான கனிமம். தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை இதுதான்: சிப்பிகள் அங்கே இருந்தன, வெப்பம் அவற்றை அழித்துவிட்டது. பள்ளத்தாக்கின் ஈயமும் இந்தக் கிரானைட்டோடு வந்ததுதான். அது அரித்து ஆற்றோடு வந்தபோது சுண்ணாம்புத் தரையின் குழிகளில் தங்கியது. அதைத் தோண்டியதால் மிஞ்சியவைதான் ஈயக்குட்டைகள்.

இப்போது நடக்கிற மாற்றம் மழையரிப்பு. குகையும் கூர்முனையும் செங்குத்துச் சுவரும் அதன் வேலை. மண்ணுக்கு அடியிலும் அதே கூர்முனைகள் மறைந்திருப்பதால் ஒரு வீட்டுமனைக்குள்ளேயே பாறை ஒரு மூலையில் இரண்டு மீட்டரிலும் மறு மூலையில் இருபது மீட்டரிலும் தட்டுப்படலாம். ஒரே ஒரு துளையிட்டு அடித்தளம் போடுவது இங்கே சூதாட்டம்.

கையில் எடுத்துப் பார்க்க

பத்து மடங்கு உருப்பெருக்கும் கைலென்ஸ், பேனாக்கத்தி, ஒரு குப்பி நீர், பத்து சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் போதும். அமிலத்தை நீர்த்த நிலையிலேயே வாங்குவது நல்லது. கட்டாயம் கலக்க வேண்டுமானால் மூன்று பங்கு நீரில் ஒரு பங்கு செறிந்த அமிலத்தை மெல்ல ஊற்ற வேண்டும். நீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. கண்காப்புக் கண்ணாடியும் கையுறையும் வேண்டும்.

முதலில் வெளுத்த மேற்பரப்பைப் பாருங்கள். மழை மெல்ல அரித்துக் காட்டிய ஓடுகள் அங்கேதான் தெரியும். பிறகு புதிதாக உடைந்த முகத்தை நனைத்து லென்ஸில் பாருங்கள். அமிலம் ஒரு துளி: கால்சைட் உடனே பொங்கும். டோலமைட் பேசாமல் இருக்கும். கத்தியால் சுரண்டி மாவாக்கி அதன்மேல் விட்டால் மெல்ல நுரைக்கும். வினிகர் இதற்குப் பலவீனம். கால்சைட் மாவில் மட்டும் லேசாகக் குமிழும். கத்தியே கீறாவிட்டால் அது செர்ட் அல்லது குவார்ட்ஸ்.

தவறு நேரும் இடங்கள் தெரிந்தவைதான். குகைநீர் படியவைத்த சுண்ணாம்புப் பூச்சு எந்தக் கல்லின் மேலும் இருக்கலாம்; பூச்சு பொங்குவதைப் பார்த்து அடிக்கல்லைச் சுண்ணாம்புக்கல் என்று எழுதிவிடுவார்கள். டோலமைட்டின் ஊடே ஓடும் கால்சைட் நரம்பின் மேல் துளி விழுந்தாலும் அப்படியே. உடைக்கும்போது தெறித்த மாவைத் துடைக்காமல் சோதித்தால் டோலமைட்கூட ஏமாற்றும். மூன்று இடத்திலாவது சோதித்துப் பாருங்கள். சந்தேகம் தீராவிட்டால் அலிசரின் ரெட் எஸ் என்ற சாயம் 0.2 கிராமை 1.5 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் 100 மில்லிலிட்டரில் கரைத்து, மெருகேற்றிய முகத்தை அரை நிமிடம் முக்கினால் கால்சைட் சிவக்கும், டோலமைட் நிறம் ஏற்காது.

தோட்டத்தில் செம்பனைக்கும் டுரியானுக்கும் போடும் ஜி.எம்.எல். (மக்னீசியச் சுண்ணாம்புக்கல் மாவு) மூட்டையும் அரைத்த டோலமைட் வகைக் கல்தான். தூய டோலமைட்டில் மக்னீசியம் ஆக்சைடு ஏறக்குறைய 22 சதவீதம். மூட்டையில் எழுதிய அளவு அதைவிடக் குறையக் குறையச் சாதாரணச் சுண்ணாம்புக்கல் கலந்திருக்கிறது என்று பொருள். அந்த மாவு பத்து சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சட்டென்று பொங்கி எழுந்தால் யோசிக்கலாம்.

இன்னொரு பயனுள்ள அடையாளம்: பாதி சேறு, மேல்பாதி வெள்ளைப் படிகம் நிரம்பிய சிப்பிக்கூடு. சேறு அடியில் தங்கி, மீந்த வெற்றிடத்தில் படிகம் வளர்ந்தது. இரண்டுக்கும் நடுவிலுள்ள நேர்க்கோடு அன்றைய கிடைமட்டம். அடுக்குகள் பின்னால் சாய்ந்ததா, தலைகீழானதா என்று அது சொல்லிவிடும்.

கல் சேகரிக்கும் இடம் பற்றியும் சொல்ல வேண்டும். செங்குத்துச் சுவரடியில் நிற்காதீர்கள். 1973இல் ஈப்போ குனோங் சீரோவில் பாறை சரிந்து ஏறக்குறைய நாற்பது பேர் இறந்தார்கள். குகைக்குள் எதையும் உடைக்கக் கூடாது. கிந்தா பள்ளத்தாக்கு 2018இல் தேசிய ஜியோபார்க் (புவியியல் பூங்கா) ஆனது. குவாரியும் நிலமும் யாருடையதோ அவர்களிடம் அனுமதி வாங்க வேண்டும். சாலையோரம் கொட்டிய குவாரிக்கல்லிலேயே பழகுவதற்குப் போதுமானது இருக்கும், ஆனால் அது எந்த மலையிலிருந்து வந்தது என்று தெரியாவிட்டால் திட்டின் எந்தப் பகுதி என்று சொல்ல முடியாது.

எல்லாம் அழிந்த பளிங்கிலும் வயது கேட்க ஒரு வழி இருக்கிறது. கோனொடொன்ட் என்ற அழிந்துபோன கடலுயிரின் பற்கள் ஒரு மில்லிமீட்டருக்கும் சிறியவை, பாஸ்பேட்டால் ஆனவை. கார்பனேட்டைக் கரைக்கும் மென்அமிலம் அவற்றைத் தொடாது. ஒன்றிரண்டு கிலோ கல்லைக் கைவிரல் அளவுக்கு உடைத்து, பத்து சதவீத அசெட்டிக் அமிலத்தில் நாட்கணக்கில் ஊறவைத்து, அமிலம் தளர்ந்ததும் மாற்றிக்கொண்டே இருந்து, மிஞ்சும் வண்டலை 0.1 மில்லிமீட்டர் அளவுச் சல்லடையில் கழுவி, நுண்ணோக்கியின் கீழ் பொறுக்கி எடுப்பார்கள். டோலமைட் என்றால் அசெட்டிக் அமிலம் நத்தை வேகத்தில் நகரும். ஃபார்மிக் அமிலம் வேண்டும். பல்லின் உருவம் காலத்தைச் சொல்லும், நிறம் வெப்பத்தைச் சொல்லும். வெளிர்மஞ்சள் என்றால் 80 பாகையைத் தாண்டவில்லை, கறுத்திருந்தால் 300 பாகையைத் தாண்டிவிட்டது. அதற்கும் மேலே வெந்தால் சாம்பலாகி, வெளுத்து, கண்ணாடிபோல் தெளிந்துவிடும். கிரானைட்டை ஒட்டிய பளிங்கில் இந்தக் கடைசி நிறங்களை எதிர்பார்க்கலாம், பல் கிடைத்தால்.